சோறு பிசைவதிலிருந்து தொடங்கும் பாடம்: ஆக்குபேஷனல் தெரபி ஆசிரியர்களுக்கு ஒரு வழிகாட்டி

பக்கவாதத்தால் வலது கை தளர்ந்துபோன பெரியவர் ஒருவர், கட்டிலருகே நின்ற மூன்றாம் ஆண்டு மாணவரிடம், "தம்பி, நான் எப்போ கையால சாப்பிடுவேன்?" என்று கேட்டார். தசை இறுக்கத்தின் தரநிலைகள் அந்த மாணவருக்கு மனப்பாடம். தோள்மூட்டு நழுவிவிடாமல் கையைத் தாங்கிப் பிடிக்கவும் தெரியும். ஆனாலும் அந்தக் கேள்விக்கு என்ன சொல்வதென்று தெரியாமல் என்னைத் திரும்பிப் பார்த்தார். அவருக்கு இரண்டு ஆண்டுகள் பாடம் நடத்தியவன் நான்தான். தேர்வுகளில் நல்ல மதிப்பெண் எடுத்த மாணவர் என்பதால், குறை அவரிடம் இல்லை, என் வகுப்பில் இருக்கிறது என்பது அன்று விளங்கியது. இங்கே சொல்லப்போகும் முறைகள் அதற்குப் பிறகு ஒவ்வொன்றாக முயன்று பார்த்தவை.

நோயாலோ ஊனத்தாலோ தடைப்பட்ட அன்றாடச் செயல்களை ஒருவர் மறுபடி செய்ய உதவும் இத்துறைக்குத் தமிழில் தொழில்வழி சிகிச்சை, செயல்வழி சிகிச்சை என்று பல பெயர்கள் புழங்குகின்றன. 'தொழில்' என்ற சொல்லைக் கண்டு வேலைவாய்ப்புப் பயிற்சி என்று நினைத்துக்கொள்பவர்கள் உண்டு என்பதால், கல்லூரிகளில் எல்லோரும் சொல்லும் ஆக்குபேஷனல் தெரபி, சுருக்கமாக ஓ.டி. என்ற பெயரையே இங்கு கையாள்கிறேன். இந்தியாவில் இந்தக் கல்வி 1950இல் மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் கமலா நிம்ப்கரின் முயற்சியால் தொடங்கியது. 1952இல் உலக ஆக்குபேஷனல் தெரபிஸ்டுகள் கூட்டமைப்பு உருவானபோது அதை நிறுவிய பத்து நாடுகளில் இந்தியாவும் ஒன்று. அந்தக் கூட்டமைப்பின் கல்வித் தரநிலைகள் ஒவ்வொரு மாணவருக்கும் குறைந்தது 1000 மணி நேரக் களப்பயிற்சி வேண்டும் என்கின்றன. நம்மில் பலர் அந்த ஆயிரம் மணி நேரமே எல்லாவற்றையும் கற்றுக்கொடுத்துவிடும் என்று நம்பிக்கொண்டு வகுப்பில் விரிவுரையோடு நின்றுவிடுகிறோம். முதல் ஆண்டிலேயே பார்க்கவும் கேட்கவும் பழகாத மாணவர், வார்டில் ஆயிரம் மணி நேரம் நின்றாலும் சீனியர் செய்வதைப் பார்த்துச் செய்யவே கற்றுக்கொள்கிறார்.

புதுமையான கற்பித்தல் என்றதும் மெய்நிகர் கண்ணாடியும் விலையுயர்ந்த பொம்மை உடலும்தான் பலருக்கு நினைவுக்கு வருகின்றன. என் அளவுகோல் எளிமையானது: ஒரு வகுப்பில் மாணவர் தாமாக ஒரு முடிவெடுக்க வேண்டிய இடம் எத்தனை முறை வந்தது, அந்த முடிவின் விளைவை அவர் கண்ணால் பார்த்தாரா என்பதே அது. கருவி இருந்தால் பயன்படுத்துங்கள். இல்லையென்றால் இலையும் சோறும் போதும்.

முதல் ஆண்டு: இலை, சாம்பார் சோறு, மூன்று பேர்

பாடத்திட்டம் முழுவதையும் ஒரே ஆண்டில் மாற்றப் போக வேண்டாம். ஒரு செயலைச் சிறு சிறு படிகளாகப் பிரித்துப் பார்க்கும் செயல் பகுப்பாய்வு என்ற ஒரு பாடப்பகுதியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், ஓ.டி.யின் மற்ற எல்லாமே அதன்மேல்தான் நிற்கின்றன. இரண்டு மணி நேரம் ஒதுக்கி, மதிய உணவு வேளையை ஒட்டி வகுப்பை வையுங்கள். கேன்டீனில் முந்தைய நாளே சொல்லிவைத்து, சாம்பார் சோறு, ரசஞ்சோறு, தயிர்ச்சோறு, இட்லி ஆகியவற்றைச் சிறிதளவு வாங்கிக்கொள்ளுங்கள். விரதம் இருப்பவர்கள், உணவு ஒவ்வாமை உள்ளவர்கள் யார் என்று முன்கூட்டியே கேட்டு அவர்களைக் கவனிப்பவர்களாக அமர்த்துங்கள். மூன்று மூன்று பேராகப் பிரித்து, ஒருவர் சாப்பிட, ஒருவர் பார்க்க, ஒருவர் எழுத வேண்டும்.

முதல் சுற்றில் வழக்கம்போல் வலது கையால் சாப்பிடட்டும். எழுதுபவரின் தாளைப் பத்து நிமிடம் கழித்து வாங்கிப் பார்த்தால், பெரும்பாலும் "கலந்தார், எடுத்தார், சாப்பிட்டார்" என்று மூன்று சொற்களே இருக்கும். இந்த இடத்தில் நாம் விளக்கத் தொடங்கிவிடக் கூடாது. "அப்பளத்தை எப்போது நொறுக்கினார்? இடது கை அப்போது எங்கே இருந்தது?" என்று மட்டும் கேட்டுவிட்டு நகர்ந்துவிடுங்கள். இரண்டாம் முறை எழுதும்போது குவித்தல், பிசைதல், திரட்டுதல், விரல்நுனியில் ஏந்துதல், வாய்க்கு அருகே கொண்டுபோதல், கட்டைவிரலால் உள்ளே தள்ளுதல் என்று ஆறேழு வினைகள் தாளில் ஏறும். கட்டைவிரலின் அந்தத் தள்ளலை வாழ்நாள் முழுவதும் செய்திருந்தும் அன்றைக்குத்தான் பார்த்ததாகச் சொல்லாத மாணவரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

அடுத்து, நான்கு உணவுகளையும் எளிதிலிருந்து கடினம்வரை வரிசைப்படுத்தச் சொல்லுங்கள். ரசஞ்சோற்றுக்குக் கையைக் குழித்தாக வேண்டும் என்பதால் அது கடைசியில் வரும் என்பதில் பெரும்பாலும் எல்லோரும் ஒத்துப்போவார்கள். தயிர்ச்சோறு ஒட்டிக்கொள்வதால் எளிது என்பார் ஒருவர். இட்லியை ஒரு கையால் கிள்ள விரல்வலு வேண்டும், ஆனால் சிந்தாது என்பார் இன்னொருவர். தோசையை எங்கே வைப்பது என்று மூன்றாமவர் கேட்பார். அவர்கள் சண்டை போடட்டும். சிகிச்சையில் ஒரு செயலைப் படிப்படியாகக் கடினமாக்குவது என்று பாடநூல் சொல்வதை, பெயர் தெரியாமலேயே அவர்கள் செய்துகொண்டிருக்கிறார்கள். கலைச்சொல்லைக் கடைசி ஐந்து நிமிடத்தில் கரும்பலகையில் எழுதினால் போதும்.

மூன்றாம் சுற்றில் இடது கை. சிரிப்பு வரும், சிலர் மறுப்பார்கள், ஒருவர் முகம் சுளிப்பார். மறுத்தவரைக் கட்டாயப்படுத்தாதீர்கள், அந்த மறுப்புதான் அன்றைய வகுப்பின் மிக மதிப்புள்ள தகவல். இதே வகுப்பில் யாரோ ஒருவர் உடனே கைப்பிடி தடித்த ஸ்பூனைத் தீர்வாகச் சொல்வார். தவறான தீர்வு இல்லை. ஆனால் அந்த ஸ்பூனைப் பிடிப்பது எந்தக் கை, பந்தியில் அமர்ந்து நான்கு பேர் நடுவில் அவர் அதைப் பயன்படுத்துவாரா, வீட்டில் தனியாக மட்டுமா, இந்த முடிவு சிகிச்சையாளருடையதா அவருடையதா என்று கேளுங்கள். கட்டிலில் கிடந்த பெரியவர் "எப்போ சாப்பிடுவேன்" என்று கேட்கவில்லை, "எப்போ கையால சாப்பிடுவேன்" என்று கேட்டார் என்பதை நான் இந்த இடத்தில்தான் மாணவர்களிடம் சொல்வேன்.

அதே வாரத்தில் கை உடற்கூறியல் வகுப்பு நடக்கும்படி சக ஆசிரியரோடு பேசி வைத்துக்கொண்டால் பயன் இரட்டிப்பாகும். சோற்றை ஏந்தும்போது விரல்கள் அடிமூட்டில் மடங்கி, நடு மூட்டிலும் நுனி மூட்டிலும் ஏறக்குறைய நீண்டிருக்கின்றன. உள்ளங்கையில் உள்ள லம்பிரிக்கல் என்னும் சிறுதசைகளின் வேலை அது. தொழுநோயால் கையின் அல்னார், மீடியன் நரம்புகள் பாதிக்கப்படும்போது இந்தச் சிறுதசைகள் செயலிழந்து, அடிமூட்டு பின்னால் விறைத்து விரல்நுனிகள் உள்ளே சுருண்டுவிடுவதால், சோறு விரலிடுக்கில் வழிந்துவிடும். உணர்ச்சியும் இல்லாததால் சூடும் தெரியாது. 1940களின் இறுதியில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் பால் பிராண்ட் தசைநாண்களை இடம் மாற்றி இத்தகைய கைகளைச் சீரமைக்கத் தொடங்கினார். மாற்றப்பட்ட தசைநாணுக்குப் புது வேலையைப் பழக்க, அறுவைக்குப் பிந்தைய பயிற்சி இன்றியமையாதது. லம்பிரிக்கல் எங்கே தொடங்கி எங்கே சேர்கிறது என்பதை இந்தக் கதையோடு கேட்ட மாணவர் மறப்பதில்லை.

கடைசியாக, அன்றாடச் செயல்களை ஒருவர் எவ்வளவு தாமாகச் செய்கிறார் என்று அளக்கும் பார்தெல் குறியீட்டைக் கையில் கொடுங்கள். 1965இல் வெளியான இந்த அளவீடு இன்றும் நம் வார்டுகளில் நாள்தோறும் நிரப்பப்படுகிறது. அதன் பரவலான வடிவமொன்றில், உணவு உண்ணும் பகுதியில் உதவி தேவைப்படுவதற்கு எடுத்துக்காட்டாக வருவது உணவை வெட்டுவதும் வெண்ணெய் தடவுவதும். கைகழுவக்கூட எழாமல் சாம்பார் வாசனையோடு உட்கார்ந்திருக்கும் மாணவர்களிடம் அதை வாசிக்கச் சொல்லுங்கள். அளவீடுகளை மதிக்கவும் வேண்டும், கேள்வி கேட்கவும் வேண்டும் என்பதை இதைவிட எளிதாகக் கற்பிக்கும் வழி எனக்குத் தெரியாது.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. கண்ணைக் கட்டிக்கொண்டு நடப்பது, ஒரு நாள் சக்கர நாற்காலியில் சுற்றுவது போன்ற பாவனைப் பயிற்சிகள் பரிவை வளர்க்கும் என்று நினைக்கிறோம். கண்ணைக் கட்டிக்கொண்ட அனுபவத்துக்குப் பிறகு, பார்வையற்றோரின் வேலைத்திறனையும் தனித்து வாழும் திறனையும் பங்கேற்றவர்கள் குறைத்தே மதிப்பிட்டார்கள் என்று 2015இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது. காரணம் எளிது: முதல் நாள் தடுமாற்றத்தை மட்டும் அனுபவித்தவர், பத்தாண்டுப் பழக்கத்தின் லாகவத்தை அறிய மாட்டார். ஆகவே இடது கைச் சுற்றின் நோக்கம் செயலைப் பகுத்துப் பார்ப்பதே, ஊனத்தை உணர்வதல்ல என்பதை முன்னதாகவே சொல்லிவிடுங்கள். கூடுமானால், ஒரு கையால் ஆண்டுக்கணக்கில் வாழ்க்கை நடத்தும் ஒருவரை அடுத்த வகுப்புக்கு அழையுங்கள்.

வகுப்புக்கு முன்னால் அனுப்புவது

தலைகீழ் வகுப்பறை என்ற முறையை 2007 வாக்கில் அமெரிக்காவின் கொலராடோவில் இரண்டு வேதியியல் ஆசிரியர்கள் பரவலாக்கினார்கள்: விரிவுரை வீட்டில், பயிற்சி வகுப்பில். நமக்கு இதற்கு ஸ்டுடியோ தேவையில்லை. எட்டு நிமிடத்துக்கு மிகாத, செல்போனில் எடுத்த வீடியோ ஒன்றை முந்தைய நாள் வாட்ஸ்அப் குழுவில் அனுப்புங்கள். தமிழிலேயே பேசுங்கள், கலைச்சொற்களை மட்டும் தேர்வில் வரும் வடிவத்தில் சொல்லுங்கள். கிராமத்துப் பள்ளிகளிலிருந்து வரும் மாணவர்களுக்கு இது ஒன்றே பெரிய உதவி. வகுப்புக்குள் நுழையும்போது ஒரே கேள்விக்கு இரண்டு வரியில் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று வைத்தால், பார்க்காமல் வருபவர்களின் எண்ணிக்கை தானாகக் குறையும். அப்படியும் பார்க்காதவர்களுக்காக வகுப்பில் அதையே மறுபடி விளக்கிவிட்டால், அடுத்த வாரம் யாருமே பார்க்க மாட்டார்கள்.

இரண்டாம், மூன்றாம் ஆண்டு: ஒரே பெண்மணி, ஆறு வாரங்கள்

கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகம் 1969இல் மருத்துவக் கல்வியில் தொடங்கிய பிரச்சினைவழிக் கற்றலை, அதாவது ஒரு நோயாளியின் பிரச்சினையை முன்வைத்துப் பாடம் படிக்கும் முறையை, ஓ.டி. துறையும் பல நாடுகளில் எடுத்துக்கொண்டது. நம் கல்லூரிகளில் அது பெரும்பாலும் ஒரு மணி நேர கேஸ் டிஸ்கஷனாகச் சுருங்கி, பத்து விவரங்களையும் ஒரே தாளில் கொடுத்து விடை கேட்பதாக முடிந்துவிடுகிறது. உண்மையில் நோயாளியைப் பற்றிய தகவல் அப்படி மொத்தமாக யாருக்கும் கிடைப்பதில்லை. எனவே தாளைத் துண்டு துண்டாகக் கொடுங்கள்.

நான் பயன்படுத்தும் கற்பனை நபர், கோயில் வாசலில் பூக்கட்டி விற்கும் ஐம்பது வயதுப் பெண்மணி. முதல் வாரம் மாணவர் கைக்குப் போவது மருத்துவரின் பரிந்துரைச் சீட்டு மட்டும்: வலப்பக்கத் தளர்ச்சி, ஓ.டி.க்கு அனுப்பப்படுகிறது. இதிலிருந்து என்னென்ன தெரியவில்லை என்று மட்டுமே அந்த வாரம் எழுத வேண்டும். இரண்டாம் வாரம் அவருடைய தொழில். மல்லிகை மொட்டுகளை எதிரெதிராக வைத்து நாரைச் சுற்றி இறுக்குவதற்கு இரண்டு கைகளும் வேண்டும், வேகம் வேண்டும், கண் கையைவிட்டு வாடிக்கையாளர்மேல் இருக்க வேண்டும். ஒரு மாணவர் குழு, பூக்கடையில் ஒரு மணி நேரம் நின்று பார்த்துவிட்டு வந்து, எங்கள் யாருக்கும் தோன்றாத ஒன்றைச் சொன்னது: பூவை முழம் போட்டு விற்கிறார்கள், முழங்கையிலிருந்து விரல்நுனிவரை நீட்டி அளக்க வேண்டும், முழங்கை மடங்கியே இறுகிப்போன கையால் எப்படி அளப்பார்? அளவுகோலை வைத்து அளந்தால் முழம் குறைகிறது என்று வாங்குபவர் சந்தேகப்பட மாட்டாரா? இடது கையால் அளந்தால் வலது கை இறுக்கிப் பிடித்தாக வேண்டுமே? மூட்டு அசைவின் கோணத்தை அளக்கும் பாடம் அதற்குப் பிறகு அந்த வகுப்பில் யாருக்கும் உப்புச்சப்பற்றதாகத் தெரியவில்லை.

மூன்றாம் வாரம் வீடு: மூன்று உயரப் படிகள், தெருக்கோடியில் பொதுக் கழிப்பறை. நான்காம் வாரம் குடும்பம்: "அம்மா இனி உழைக்க வேண்டாம்" என்னும் மகன். ஐந்தாம் வாரம், அவருக்குக் கடைக்குப் போக வேண்டும் என்ற ஆசை பூ விற்பதற்காக அல்ல, அங்கே கூடும் தோழிகளுக்காக என்பது தெரியவரும். ஆறாம் வாரத்தில் சிகிச்சைத் திட்டத்தை எழுதச் சொல்லி, முதல் வாரம் அவர்கள் எழுதியதோடு பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

இந்த வரிசைக்கு ஒரு காரணம் உண்டு. 1980களின் இறுதியில் அமெரிக்க ஓ.டி. சிகிச்சையாளர்கள் எப்படிச் சிந்திக்கிறார்கள் என்று ஆராய்ந்த மானுடவியலாளர் செரில் மேட்டிங்லியும் ஓ.டி. ஆசிரியர் மொரீன் ஃப்ளெமிங்கும், தேர்ந்த சிகிச்சையாளரின் மனம் ஒரே நேரத்தில் பல தடங்களில் ஓடுவதைக் கண்டார்கள்: நோய்க்கு என்ன செய்வது என்பது ஒரு தடம், இந்த மனிதரோடு எப்படிப் பேசுவது என்பது இன்னொன்று, இவருடைய வாழ்க்கை இனி எப்படி மாறக்கூடும் என்பது மற்றொன்று, இவற்றோடு நோயாளியின் வாழ்க்கையைக் கதையாகப் புரிந்துகொள்வதும் சேர்கிறது. புதியவர்கள் முதல் தடத்தில்தான் நிற்பார்கள். வாரந்தோறும் ஒரு தடத்தைத் திறந்துவிடுவதே துண்டுத் தாளின் வேலை.

ஓ.டி.யின் கோட்பாட்டு மாதிரிகளைக் கற்பிக்கும்போதும் இதே முறை உதவும். ஜப்பானிய வேரிலிருந்து மைக்கேல் இவாமா உருவாக்கிய கவா மாதிரியில் வாழ்க்கை ஓர் ஆறு. தண்ணீர் உயிரோட்டம், பாறைகள் இடர்கள், கரையும் படுகையும் சூழல், மிதக்கும் கட்டைகள் ஒருவரின் குணமும் கைவசமுள்ள வளங்களும். இதை விளக்காமல் முதலில் தங்கள் வாழ்க்கையை ஆறாக வரையச் சொன்னேன். பாலாற்றங்கரையிலிருந்து வந்த மாணவி வரைந்த ஆற்றில் தண்ணீரே இல்லை. மணலும், அதில் தோண்டிய ஓர் ஊற்றும் மட்டுமே இருந்தன. பாறைகளை அகற்றினால் நீர் ஓடும் என்ற மாதிரியின் அடிப்படை, வறண்ட ஆற்றைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு எப்படிப் பொருந்தும் என்று அன்று நடந்த விவாதத்தை நான் திட்டமிட்டிருக்கவே முடியாது. வேற்றுப் பண்பாட்டில் பிறந்த கோட்பாட்டை அப்படியே விழுங்காமல் உரசிப் பார்க்க வேண்டும் என்பதுதான் இவாமாவின் வாதமும்.

நடித்துக் காட்டுபவரும் வாழ்ந்து காட்டுபவரும்

பயிற்சி பெற்ற நடிகரை நோயாளியாக அமர்த்தும் முறையை 1960களில் அமெரிக்க மருத்துவர் ஹோவர்ட் பேரோஸ் தொடங்கினார். ஆஸ்திரேலியாவில் ஆறு பல்கலைக்கழகங்களின் ஓ.டி. மாணவர்களிடையே நடந்த ஒரு சோதனையில், 40 மணி நேரக் களப்பயிற்சிக்குப் பதிலாக இத்தகைய பாவனைப் பயிற்சி பெற்றவர்கள், உண்மையான களத்தில் பயின்றவர்களுக்குப் பின்தங்கிவிடவில்லை என்று தெரியவந்தது. ஒரு வாரத்துக்கு ஈடாகும் என்பதால் எல்லா வாரங்களுக்கும் ஈடாகும் என்று நிர்வாகத்தார் கணக்குப் போட்டுவிடாமல் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு.

நடத்துவது எளிது. கல்லூரியின் நாடகக் குழுவிலிருந்தோ அலுவலகப் பணியாளரிலிருந்தோ ஒருவரைத் தேர்ந்து, மூன்று செய்திகளை மட்டும் சொல்லிக்கொடுங்கள்: அவர் எதைக் கேட்டால்தான் சொல்ல வேண்டும், எதைக் கேட்டாலும் சொல்லக் கூடாது, எந்தச் சொல்லைக் கேட்டால் முகம் வாட வேண்டும். மாணவர் பேசும் நேரம் பத்து நிமிடம் என்றால், பிறகு உட்கார்ந்து பேசும் நேரம் இருபது நிமிடம் இருக்கட்டும். அதில் முதலில் பேச வேண்டியவர் மாணவர், அடுத்து நோயாளியாக நடித்தவர், கடைசியாகத்தான் ஆசிரியர். நான் இந்த வரிசையை மீறி முதலில் பேசிய நாட்களில் எல்லாம் மற்ற இருவரும் தலையாட்டியதோடு சரி.

ஊனத்தோடு வாழ்பவரை வகுப்புக்கு அழைக்கும்போது அவர் காட்சிப்பொருளாக வரவில்லை, ஆசிரியராக வருகிறார். விருந்தினர் விரிவுரையாளருக்குக் கொடுக்கும் அதே மதிப்பூதியத்தை அவருக்கும் கொடுங்கள், வந்துபோகும் வண்டிச் செலவையும் தாருங்கள், வகுப்பறை முதல் மாடியில் இருந்தால் அன்றைக்குக் கீழே மாற்றுங்கள். இவ்வளவு சொல்ல வேண்டியிருப்பதே வெட்கம்தான். எதைப் பேசுவது என்பதை அவரே முடிவுசெய்யட்டும். மாணவர்கள் கேள்விகளை முன்னதாக எழுதி அனுப்பி, அவர் வேண்டாம் என்று அடித்தவற்றை விட்டுவிட வேண்டும்.

மதிப்பெண் மாறாமல் எதுவும் மாறாது

இவ்வளவும் செய்துவிட்டு, அகமதிப்பீட்டில் "பக்கவாதத்துக்கான ஓ.டி. மேலாண்மையை விவரி" என்று பத்து மதிப்பெண் கேள்வி கேட்டால், மாணவர்கள் பழைய நோட்டுக்கே திரும்பிவிடுவார்கள். பல்கலைக்கழகத் தேர்வு நம் கையில் இல்லை, அகமதிப்பீடு இருக்கிறது. ஸ்காட்லாந்தின் டண்டீயில் ரொனால்ட் ஹார்டன் 1975இல் அறிமுகப்படுத்திய, மாணவர் நிலையம் நிலையமாகச் சுற்றிவரும் ஆஸ்கி (OSCE) என்னும் செய்முறைத் தேர்வைச் சிறு அளவில் நடத்துங்கள். ஐந்து நிலையங்கள், ஒவ்வொன்றும் ஏழு நிமிடம் என்றால் அறுபது பேர் வகுப்பையும் இரண்டு நாட்களில் முடித்துவிடலாம். ஐந்தில் ஒன்றில் கருவியே இருக்க வேண்டாம்: ஒரு நாற்காலி, அதில் ஒருவர், அவருக்கு வழக்கமாக நாள் எப்படிப் போகிறது என்று கேட்டறிய வேண்டும், அவ்வளவுதான். அந்த நிலையத்தில் மதிப்பெண் பட்டியலை இப்படி வைக்கிறேன்: பெயர் சொல்லி அறிமுகமானாரா என்பதற்கு ஒன்று, திறந்த கேள்வி கேட்டாரா என்பதற்கு இரண்டு, சொன்னதைத் திரும்பச் சொல்லிச் சரிபார்த்தாரா என்பதற்கு இரண்டு, ஒரு செயலைத் தேர்ந்து அதை ஏன் தேர்ந்தார் என்று காரணம் சொன்னாரா என்பதற்கு ஐந்து. சரியான செயல் எது என்பதற்கு மதிப்பெண் இல்லை. காரணம் கோணலாக இருந்தாலும் காரணமாக இருந்தால் பாதி கிடைக்கும்.

நாற்காலியில் உட்காருபவருக்கு நான் கொடுக்கும் வசனம் பல ஆண்டுகளாக ஒன்றுதான். மாணவர் என்ன கேட்டாலும், மூன்றாம் நிமிடத்தில் அவர், "தம்பி, நான் எப்போ கையால சாப்பிடுவேன்?" என்று கேட்க வேண்டும். போன முறை ஒரு மாணவி சற்று யோசித்துவிட்டு, "நீங்க எப்பவும் எங்க உக்காந்து சாப்பிடுவீங்க, ஐயா?" என்று திருப்பிக் கேட்டார்.